4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் விளையாடத்தக்கவை எவை?

கேள்வி:
என் மடிக்கணினியில் 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ளது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சென்ற வாரம் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை நிறுவியபோது, விசிறி மாவு மில்லைப்போல இரைந்ததே தவிர, கார் நகரவில்லை. பொழுதை வீணாக்காத விளையாட்டுகளைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில் 1:
லூக்காஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டைத் தயங்காமல் வாங்குங்கள். எல்லைச் சாவடியில் அமர்ந்து கடவுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதுதான் வேலை. எத்தனை பேரைச் சரியாகப் பரிசோதிக்கிறீர்களோ அதற்கேற்பவே கூலி, அந்தக் கூலியில்தான் வீட்டாருக்கு உணவும் கணப்பும். ஆவணங்கள் சரியாக உள்ள கணவர், பின்னால் வரும் மனைவியிடம் கனிவாக நடந்துகொள்ளுமாறு கேட்டுவிட்டுச் செல்வார். மனைவியிடமோ நுழைவு அனுமதி இருக்காது.

பதில் 2:
எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கி 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டான 'ஸ்டார்டியூ வேலி'க்கு 2 ஜிபி ரேமே போதுமானது. தொடக்கத்தில் மீன்பிடிப்பது எரிச்சலூட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பதில் 3:
பணம் செலவழிக்க விருப்பமில்லையெனில் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' இலவசம். மாறிமாறிக் காய்நகர்த்தும் போர் என்பதால் கணினி சற்றுத் திணறினாலும் தோல்வி வராது. செயலியோடு இணைந்த கிராபிக்ஸ், பொது ரேமையே பங்கிட்டுக்கொள்வதால், விளையாடுமுன் பிரவுசரை மூடிவிடுங்கள். இரண்டாவது ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைப் பொருத்துவது கண்கூடான பலன் தரும்.

கேட்டவர்:
நன்றி. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' திணறாமல் ஓடுகிறது. அந்த மனைவியை உள்ளே விட்டேன். உடனே எச்சரிக்கைச் சீட்டு வந்துவிட்டது.