பார்க்ஸ் திருவிழாவில் நீங்கள் பார்த்த எல்விஸ்

மேற்கே போறவன்:
ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஊரில், அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி போல வேடம் போட்டுக்கொண்டு கூடுகிற ஜனவரி விழாதான், போனவர்களுக்குத் தெரியும். சிட்னி சென்ட்ரலில் எல்விஸ் ரயில் ஏறினால் பெட்டி முழுக்கக் கறுப்புக் கிருதா, வெள்ளை ஜம்ப்சூட், ஊர் போய்ச் சேரும்வரை பாட்டு. அதை விடுங்கள். குக் பார்க்கில், கல்யாணமானவர்கள் உறுதிமொழியைத் திரும்பச் சொல்லும் நிகழ்ச்சிக்கு ஒரு பெரியவர் காத்திருந்தார், எழுபதுக்குக் குறையாது, வெயிலில் முடிச்சாயம் கரைந்து காதோரமாக வழிந்து வெள்ளைக் காலரில் கோடுகோடாக இறங்குகிறது. என் கையில் டிஷ்யூ இருந்தது. சொல்லலாமா, சொன்னால் அந்த நேரத்தில் மனிதர் கூசிப்போவாரா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எல்லோரையும் முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பார்த்தாரா இல்லையா? இன்னும் மண்டையைக் குடைகிறது.

பழைய ரேடியோ:
பார்த்திருப்பார் அண்ணா, கவலையை விடுங்கள். நான் போனது டெலஸ்கோப்பைப் பார்க்க. 64 மீட்டர் அகல ஆன்டெனாத் தட்டு, 1969-இல் நிலவில் மனிதன் நடந்த படத்தை வாங்கி அனுப்பியது, அது இருக்கிற ஊர் என்றுதான் எனக்குப் பார்க்ஸ். ஜனவரி என்பதை மறந்துவிட்டேன். ஊருக்கு வடக்கே 20 கிலோமீட்டர், சுற்றிலும் வயல், தட்டு சத்தமில்லாமல் திரும்புகிறது, இந்தப் பக்கம் இரண்டு எல்விஸ் சான்ட்விச் சாப்பிட்டபடி ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் அது வேடிக்கையாகவே தெரியவில்லை. நான் படம்கூட எடுக்கவில்லை.

சும்மா கேட்கிறேன்:
எல்விஸ் ஆஸ்திரேலியாவில் காலே வைத்ததில்லை. அமெரிக்காவுக்கு வெளியே அவர் கச்சேரி செய்தது கனடாவில் மட்டும், அதுவும் 1957-இல். அவர் ஊரான மெம்பிஸ் எங்கே, பார்க்ஸ் எங்கே? கோடையில் ஈயாடும் கடைகளுக்கு யாரோ கண்டுபிடித்த வியாபாரம். நானும் போனேன், ஒரு காபிக்கு அரை மணி நேரம், எனக்கு முன்னால் மூன்று எல்விஸ், பின்னால் எல்விஸ் மனைவி பிரிசில்லா வேடத்தில் இரண்டு பேர்.

ஆரஞ்சு அக்கா:
தம்பி, வியாபாரம்தான், யார் மறைத்தது? 1993-இல் கிரேஸ்லேண்ட்ஸ் என்று உணவகம் வைத்திருந்த தம்பதி எல்விஸ் பிறந்தநாளுக்கு, ஜனவரி 8, ஒரு ராத்திரி விருந்தாகத் தொடங்கியது. இன்று சுமார் 11,000 பேர் இருக்கும் ஊருக்கு 25,000 பேருக்கு மேல் வருகிறார்கள், காபிக்கு நிற்கத்தான் வேண்டும். போகிறவர்கள் கேளுங்கள்: தங்க இடம் இப்போதே பிடியுங்கள், ஊர்க்காரர்களே வீட்டில் அறை விடுகிறார்கள், அது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் ஃபோர்ப்ஸ், ஆனால் இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். பாலியெஸ்டர் ஜம்ப்சூட் வேண்டவே வேண்டாம், வெந்துபோவீர்கள். கிளாரிண்டா தெருவில் சனிக்கிழமை காலை ஊர்வலம், சீக்கிரம் போய் நிழல் பக்கமாக இடம் பிடியுங்கள். ஈரத் துண்டு, தண்ணீர், தொப்பி. டோப்பா வைத்தால் உள்ளே பருத்தித் துணி வையுங்கள். சாயம் என்றால் இரண்டு நாள் முன்பே போட்டு நன்றாக அலசிவிட வேண்டும், அதை அந்தப் பெரியவரிடம் நீங்கள் சொல்லியிருக்கலாம். என் அனுபவமா? ஞாயிற்றுக்கிழமை காஸ்பல் என்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டில் அழுதுவிட்டேன். அவ்வளவுதான்.

மேற்கே போறவன்:
அக்கா, நின்றது ஒரு நிமிஷம், அதில் சாய வகுப்பா எடுப்பது! தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது, நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அம்மா கையில் கைக்குட்டை, அதில் கறுப்பாக ஏதோ. நிழலாகவும் இருக்கலாம்.