ஒரே எலிமென்டில் விலகல் சரி, இரண்டாவது அதிர்வெண் மட்டும் ஏன் தப்பு?

கேள்வி

வணக்கம். பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில், வளையும் பட்டைக்கான பீம் எலிமென்டுக்கு நானே கோட் எழுதிப் பழகுகிறேன். எடுத்துக்கொண்டது ஒரு ஸ்டீல் பட்டை: நீளம் 1 மீட்டர், அகலம் 50 மி.மீ., தடிமன் 10 மி.மீ. ஒரு முனை இறுகப் பிடித்த கேன்டிலீவர். யங் மாடுலஸ் (பொருளின் விறைப்பு) 200 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. முனையில் 10 நியூட்டன் கொடுத்தால் 4 மி.மீ. இறங்குகிறது. கைக்கணக்கிலும் அதே 4 தான். இத்தனைக்கும் போட்டது ஒரே ஒரு எலிமென்ட்.

அதே மாடலில் அதிர்வெண் எடுத்தேன். முதல் மோட் (பட்டை இயல்பாக அதிரும் வடிவம்) 8.19 ஹெர்ட்ஸ், சூத்திரப்படி 8.15. இரண்டாவது 80.7 வருகிறது, சூத்திரமோ 51.1 என்கிறது. ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸை (விறைப்பு அணி) மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில் 1

மெஷ் (எலிமென்ட்களாகப் பிரித்தது) போதாது. 10 எலிமென்ட் போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2

கூட்டினால் சரியாகும், உண்மை. ஆனால் காரணம் பிடிபடாமல் கூட்டினால் அடுத்த மாடலில் எத்தனை போடுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

உங்கள் கோடில் தப்பு இல்லை. முனையில் மட்டும் பளு இருந்தால் பட்டை வளையும் வடிவம் ஒரு க்யூபிக் (மூன்றாம் படி) வளைவு. எலிமென்டுக்குள் வளைவை வரையும் ஹெர்மைட் ஷேப் ஃபங்ஷனும் க்யூபிக். அதனால்தான் ஒரே எலிமென்டில் விடை அச்சாகப் பொருந்தியது. அதிரும்போது கதை வேறு: பளு நீளம் முழுக்கப் பரவிய சொந்த நிறையிலிருந்து வருகிறது, மோட் வடிவத்தில் சைன், கொசைன், ஹைபர்பாலிக் எல்லாம் கலந்திருக்கின்றன. இரண்டாவது மோடில் பட்டை ஒரு பக்கம் வளைந்து, பிடிமானத்திலிருந்து சுமார் 78 செ.மீ. தூரத்தில் அசையாப் புள்ளியைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். அதை ஒரு க்யூபிக்கால் சரியாகப் பின்தொடர முடியாது. முடியாததால் விறைக்கிறது, அதிர்வெண் ஏறுகிறது.

2 எலிமென்ட் போட்டுப் பாருங்கள், இரண்டாவது 51.5 வரும். ஆனால் மூன்றாவது 174 காட்டும், உண்மை 143. நான் கணக்கில் வரும் மோட்களில் கீழ்ப்பாதியைத்தான் நம்புவேன். எண்ணைப் பார்க்கும் முன் மோட் வடிவத்தை வரைந்து பார்ப்பேன். நெளிவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மூன்று எலிமென்ட் இல்லையென்றால் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் போட்டது கன்சிஸ்டென்ட் மாஸ் (அதே ஷேப் ஃபங்ஷனால் நிறையை நீளம் முழுக்கப் பரப்புவது), விடை எப்போதும் மேலிருந்துதான் இறங்கி வரும். அதே ஒற்றை எலிமென்டில் பாதி எடையை முனையில் லம்ப்டு மாஸாக (ஒரே புள்ளியில் குவித்து) வைத்தால் முதல் மோட் 5.68 ஹெர்ட்ஸ்தான் வரும். இரண்டையும் ஓட்டி, இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பது மெஷ் போதுமா என்பதற்கு நல்ல சோதனை.

கேட்டவர்

சார், 51.5 அப்படியே வந்தது. ஆர்வத்தில் நிஜப் பட்டையையே வைஸில் (பட்டறைப் பிடிகருவி) இறுக்கித் தட்டிப் பார்த்தேன். முனையில் 50 கிராம் சென்சார். முதல் மோட் 7.6 தான் வருகிறது. யங் மாடுலஸைக் குறைத்துவிடலாமா?

பதில் 2

தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள். 7.6 வர வேண்டுமானால் 174 ஜிகாபாஸ்கலுக்கு இறக்க வேண்டும். சாதாரண ஸ்டீல் அப்படி இருக்காது. எண் பொருந்திவிடும், மாடல் பொய்யாகிவிடும்.

முதலில் சென்சார். பட்டை 3.9 கிலோ, ஆனால் முதல் மோடில் முனையில் உணரப்படுவது அதில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவு, 0.93 கிலோ. அதன் மேல் 50 கிராம் ஏறினாலே அதிர்வெண் 7.94க்கு இறங்கிவிடும். அடுத்தது வைஸ். தாடைக்குள் பட்டை கொஞ்சம் சுழன்றாலும் நீளம் கூடியதுபோலத்தான். அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், 2 செ.மீ. கூடினால் 4 சதவீதம் போய்விடும். இரண்டையும் சேர்த்தால் 7.64.

சென்சாரைப் பிடிமானத்துக்குப் பக்கமாக நகர்த்தித் தட்டுங்கள். ஆனால் 78 செ.மீ.யில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே இரண்டாவது மோட் கண்ணிலேயே படாது.

கேட்டவர்

30 செ.மீ.க்கு நகர்த்தினேன், 7.8. அப்படியானால் மிச்சம் வைஸ்தான். நாளை இருபுறமும் தடித்த தகடு வைத்து இறுக்கிப் பார்க்கிறேன். மாடலிலும் பிடிமானத்தில் ஒரு சுழல் ஸ்பிரிங் சேர்த்துவிட்டேன்.