வில்மா ருடால்ஃப் படப்புத்தகம்: பஸ் பக்கத்தைத் தாண்டிவிடலாமா?

கேள்வி: இரவுக்கதை அப்பா
என் மகளுக்கு ஆறு வயது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை வில்மா ருடால்ஃபின் வாழ்க்கையைச் சொல்லும் படப்புத்தகம் ஒன்றை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். டென்னசியின் கிளார்க்ஸ்வில்லிலிருந்து நாஷ்வில் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போலியோவால் கால் பாதித்த சிறுமி வில்மாவின் சிகிச்சைக்காக அம்மாவும் அவளும் பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்து போகிறார்கள். "முன்னால்தான் இடம் இருக்கிறதே, அப்பா?" என்கிறாள். பேசாமல் ரோம் ஒலிம்பிக்ஸ் பக்கத்துக்குப் போய்விடலாமா?

பதில்: தொடக்கப்பள்ளி ஆசிரியை
தாண்டாதீர்கள். கறுப்பர்கள் முன்னால் உட்காரக் கூடாது என்று வெள்ளையர்கள் விதி வைத்திருந்தார்கள், அது அநியாயம் என்று சொல்லுங்கள். ஆறு வயதுக்கு அது புரியும். "அந்தக் காலம் அப்படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலமா விதி போட்டது?

புத்தகம் ரோமோடு முடிந்தால் மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள். 1960இல் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றார். சொந்த ஊரில் வரவேற்பு ஏற்பாடானபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்தால் வரமாட்டேன் என்றார். இரு தரப்பாரும் கலந்துகொண்ட முதல் ஊர்விழா அதுதான். எனக்கு அது நான்காவது தங்கம்.

பதில்: காலிப்பர் போட்டவன்
என் சண்டை வேறு. நானும் போலியோ வந்தவன். "மன உறுதியால் எழுந்து நடந்தாள்" என்று இத்தகைய புத்தகங்கள் எழுதும்போது எரிச்சல் வருகிறது. அப்படியானால் காலிப்பரை, அதாவது காலைத் தாங்கும் சட்டத்தை, கழற்றவே முடியாத எனக்கு உறுதி போதவில்லையா? வைரஸ் எவ்வளவு நரம்புகளை அழித்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

வில்மாவின் அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர். அவரும் பிள்ளைகளும் முறைவைத்து, தினமும் நான்கு வேளை அந்தக் காலைப் பிடித்துவிட்டார்கள். 12 வயதுவாக்கில்தான் வில்மா காலிப்பர் இல்லாமல் நடந்தாள். உங்கள் புத்தகத்தில் அந்தக் கைகளை வரைந்திருக்கிறார்களா?

இரவுக்கதை அப்பா
ஒரு படத்தில் இருக்கின்றன, நல்லவேளை. பஸ் விஷயத்தை நீங்கள் சொன்னபடியே சொன்னேன், டீச்சர். "விதி போட்டவர்களை யார் திட்டினார்கள்?" என்று கேட்டாள். இப்போது வேறு சிக்கல்: வீட்டில் 22 பிள்ளைகளா, எல்லாரும் எங்கே தூங்கினார்கள் என்று துளைக்கிறாள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை
அப்பாவுக்கு இரண்டு திருமணங்கள், வில்மா இருபதாவது. மூத்தவர்கள் பலர் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.