ஸ்நேக் ஷாட்: அடித்தவர்களும் வாங்கியவர்களும் எழுதலாம்

கரும்புத்தோட்டம் (செயின்ட் ஆந்த்ரே, ரெயூனியன்)

தண்டுகளில் கோத்த பொம்மைகளால் பந்தை அடிக்கும் மேசைக் கால்பந்தில், பந்தைப் பொம்மையின் பாதத்தால் அமுக்கிவைத்துத் தண்டைச் சுற்றவிட்டு அடிக்கும் ஸ்நேக் ஷாட்டைப் போட்டியில் அடிக்கும் அளவுக்குப் பழகியவர்கள் நம்மில் யார் யார்? காணொளியைப் பார்த்து வாய்பிளந்தவர்களைக் கேட்கவில்லை. எதிரே ஒருவர் கோலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அடித்துப் பார்த்தவர்களைக் கேட்கிறேன். கேட்டவன் என்பதால் நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் ஆடும் விடுதியில் இருப்பது பிரெஞ்சுத் தயாரிப்பான பொன்சினி மேசை. அலுமினியப் பொம்மைகள், லினோலியம் விரித்த தரை, தக்கைப் பந்து. தண்டுகள் எதிராளியின் வயிற்றில் குத்தாமல் தமக்குள்ளேயே நீண்டு சுருங்கும். வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்ததும் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் கிரியோல்தான் பேச்சு. தமிழில் பேசுவதற்கு எனக்கு அங்கே கிடைத்தவர் ஒரே ஒருவர்: பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற காரைக்கால்காரர். மேசைக்கு அவர்தான் பஞ்சாயத்துத் தலைவர். அங்கே உள்ள சட்டங்களும் அவர் வைத்தவையே. ஐந்து பொம்மைகள் உள்ள நடுத்தண்டிலிருந்து கோல் அடித்தால் புள்ளி கிடையாது. அடுத்த கோலுக்கு இரட்டைப் புள்ளி. தண்டைச் சுழற்றிவிட்டு அடிக்கும் ரூலெட்டுக்கு மன்னிப்பே இல்லை. பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சபைக்கு ஒரு வெள்ளிக்கிழமை செயின்ட் பியேரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். போட்டிகளில் ஆடுகிறவன் என்பது அவன் கைப்பிடியில் பட்டையைச் சுற்றிய விதத்திலேயே தெரிந்தது. மூன்று பொம்மைகள் உள்ள முன்தண்டின் நடுப்பொம்மைக்குப் பந்தைக் கொண்டுவந்தான். பொம்மையின் பாதத்தைப் பந்துக்கு முன்புறமாக, அதாவது கோல் இருக்கும் பக்கமாக, சாய்த்து அமுக்கினான். பிறகு கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு மணிக்கட்டை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டான். பந்து பாதத்தின் அடியில் இடமும் வலமுமாக மெல்ல உருண்டது. அடித்ததை நான் பார்க்கவில்லை. கோலுக்குள் 'டொக்' என்ற சத்தம்தான் கேட்டது.

ஐயா எழுந்துவிட்டார். "தம்பி, கையை எடுத்துவிட்டுத் தண்டைச் சுற்றுவதற்குப் பெயர் ஆட்டமா? ரூலெட்! கோல் இல்லை!" என்று என்னிடம் தமிழிலும், அவனிடம் பிரெஞ்சிலும், மற்றவர்களிடம் கிரியோலிலும் தீர்ப்புச் சொன்னார்.

அவன் கோபப்படவில்லை. உலக மேசைக் கால்பந்துக் கூட்டமைப்பான ஐ.டி.எஸ்.எஃப். வைத்திருக்கும் விதியை எடுத்துச் சொன்னான். பந்தை அடிப்பதற்கு முன்னால் பொம்மை 360 பாகைக்கு மேல் சுற்றக் கூடாது. அடித்த பிறகும் 360 பாகைக்கு மேல் சுற்றக் கூடாது. ஸ்நேக்கில் பொம்மை பந்தின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி, மேலேறி, வளைந்து வந்து பின்பக்கத்தில் பந்தை அடிக்கிறது. முழு வட்டத்துக்குச் சற்றுக் குறைவாகவே சுற்றுகிறது என்பது அவன் வாதம். ஐயா பேச்சில் மயங்குகிறவர் அல்லர். பில் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கைப்பிடியில் ஒட்டச் சொன்னார். "மெதுவாகச் சுற்று, பார்க்கலாம்" என்றார். காகிதத் துண்டு மேலே போய், மறைந்து, திரும்பி வந்து, தொடங்கிய இடத்தைத் தொடும் முன்பே பொம்மையின் கால் பந்தில் பட்டது. மறுபடி சுற்றச் சொன்னார். அதேதான்.

"சட்டப்படி சரி" என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் இந்த மேசையில் வேண்டாம்."

நான் அவனிடமே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். இதை மணிக்கட்டின் பலத்தால் அடிக்கும் ஷாட் என்று பலர் நினைக்கிறார்கள். பலத்துக்கு இதில் வேலையே இல்லை. சப்பாத்திக் கட்டை உள்ளங்கையின் கீழ் உருள்வது போலக் கைப்பிடி மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை உருள வேண்டும், அவ்வளவுதான். கையை மேல்நோக்கி இழுத்தால் தண்டு தானாகவே சுற்றுகிறது. பழகுகிறவர்கள் விரைவில் பிடித்துக்கொள்ளும் பகுதியும் இதுதான்.

பக்கவாட்டு நகர்வுதான் உயிரை எடுக்கிறது. பாதம் பந்தை அதிகம் அமுக்கினால் பந்து நகராது. கொஞ்சம் தளர்ந்தால் நழுவிப் போய் எதிராளியின் காலடியில் நிற்கும். நடுவில் எங்கேயோ இருக்கும் அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு, பந்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதத்தை எடுத்துச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். நகர்வும் சுற்றும் ஒரே செயலாக வந்தால்தான் கோல். 'நகர்த்து, நிறுத்து, அடி' என்று மூன்றாகப் பிரித்தால் தடுப்பவருக்கு நாம் கடிதம் போட்டுத் தகவல் சொன்னதாக அர்த்தம்.

அடித்தவர்கள் சொல்லுங்கள், எந்த இடத்தில் உங்களுக்குப் பிடி கிடைத்தது?

ரோஸ்ஹில்வாசி (மொரிஷியஸ்)

எனக்குப் பிடி கிடைக்கவே இல்லை அண்ணா, எழுதி என்ன பயன் என்று தெரியவில்லை. நான் ஆடுவது இத்தாலிய கர்லாந்தோ மேசையில். பொம்மைகள் பிளாஸ்டிக், தரை வழுவழுப்பு. உங்கள் லினோலியத்தில் அமுங்கிக் கிடக்கும் பந்து இங்கே பாதத்தின் அடியிலிருந்து எகிறிவிடுகிறது. அதனால் நான் இழுப்பு ஷாட்டோடு நிறுத்திக்கொண்டேன். பந்தைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு இழுத்து, தடுப்புக் கலையும் கணத்தில் நேராக அடிப்பது. விரல்கள் கைப்பிடியை விட்டு விலகவே வேண்டாம். யாரும் எழுந்து ரூலெட் என்று கத்தவும் மாட்டார்கள்.

ஸ்நேக் அடிக்கும் ஒருவரோடு ஒரு நட்புப் போட்டியில் மோதியிருக்கிறேன். அவர் பந்தை அமுக்கிக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார், காத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் வலித்தது. முன்தண்டில் பந்தை 15 விநாடி வரை வைத்திருக்கலாம் என்பது விதி. நடுத்தண்டில் 10 விநாடிதான். அந்த 15 விநாடியில் ஒருவருடைய நரம்பை எவ்வளவு முறுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் பார்வையில் இது கால் பங்கு கைவேலை, முக்கால் பங்கு மனத்தைக் கலைக்கும் வேலை. எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை, மன்னிக்கவும்.

பின்வரிசை (செயின்ட் டெனி, ரெயூனியன்)

அடித்தவர்கள் பேசிவிட்டீர்கள், வாங்கியவள் பேசுகிறேன். இரட்டையர் ஆட்டத்தில் நான் எப்போதும் பின்னால்தான் நிற்பேன். என் கையில் கோல்காப்பாளர் ஒரு பொம்மை, அதற்கு முன் இரண்டு பொம்மைகள் உள்ள தண்டு. பொன்சினியில் அவ்வளவுதான் காவல்.

ஸ்நேக்கை ஏன் தடுக்க முடியவில்லை என்று யோசித்தால் விடை எளிது. இழுப்பு ஷாட் ஒரு பக்கத்தில் தொடங்கி ஒரு திசையில்தான் வரும். ஸ்நேக் நடுவில் தொடங்குகிறது. இடமும் வரலாம், வலமும் வரலாம், நகராமல் நேராகவும் வரலாம். என்னிடம் இருப்பது கோல்காப்பாளரும், பந்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தக்கூடிய ஒரு தடுப்பாளரும். இரண்டு பொம்மைகளால் இரண்டு இடத்தை அடைக்கலாம். மீதி திறந்துதான் கிடக்கும். ஆக, எல்லாவற்றையும் அடைக்க நினைக்கிறவர் முதலிலேயே தோற்றுவிட்டார்.

ஒரு கோடை மாலை, உள்ளூர்ப் போட்டி ஒன்றில், கரும்புத்தோட்டம் சொல்வது போன்ற ஓர் ஆட்டக்காரர் என் எதிரே வந்தார். ஒருவேளை அதே இளைஞராகவும் இருக்கலாம். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. அமுக்கிய பிறகு அவருடைய கண் முழுக்க என் பொம்மைகளின்மேல்தான் இருந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் அடித்தார். வலப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். அவர் அடிக்க முடிவெடுப்பது தன் திட்டத்தால் அன்று, என் அசைவால்தான் என்பது சற்று நேரத்தில் எனக்குப் புரிந்தது. அவருக்கு நான்தான் மணி அடித்துக்கொண்டிருந்தேன்!

பிறகு மாற்றினேன். தடுப்பாளரையும் கோல்காப்பாளரையும் ஒழுங்கே இல்லாமல் ஆட்டினேன், சட்டென்று நிறுத்தினேன். நிறுத்தும்போது ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே வாசலைத் திறந்து வைத்தேன். அவர் கை கிளம்புவதற்கும் பந்து கோலை அடைவதற்கும் இடையில் எதிர்வினை காட்ட நேரம் கிடையாது, அதை மறந்துவிடுங்கள். அவர் கை கிளம்பும் முன்பே, திறந்து வைத்த வாசலை நோக்கி நான் கிளம்பியிருக்க வேண்டும். ஊகம்தான். சில பந்துகள் என் பொம்மையின் நெஞ்சில் பட்டுத் திரும்பின. அந்தச் சத்தம் கோல் சத்தத்தைவிட இனிமையானது என்று பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். கடைசிச் சுற்று வரை இழுத்துக்கொண்டு போனோம். அந்தச் சுற்றில் வெல்ல இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும், ஆனால் யாராவது எட்டுக் கோல் எடுத்துவிட்டால் அதோடு முடிவு. எட்டாவது கோலும் ஸ்நேக்தான், வேறென்ன.

ரோஸ்ஹில்வாசிக்கு ஒரு மறுப்பு: காத்திருப்பது மனத்தைக் கலைக்கும் தந்திரம் மட்டும் அன்று. அவர் காத்திருந்தது நீங்கள் அசைவதற்காக.

நடுத்தண்டு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அருமை அக்கா. எனக்கு ஒரு சந்தேகம், சட்டம் தெரிந்தவர்கள் தீர்த்துவையுங்கள். எங்கள் பக்கம் ஒரு நண்பர் ஸ்நேக் அடித்த பிறகு தண்டு இன்னும் ஒரு முக்கால் சுற்றுச் சுற்றி நிற்கிறது. முன்னால் ஏறத்தாழ ஒரு சுற்று, பின்னால் முக்கால் சுற்று, கூட்டினால் 360 பாகையைத் தாண்டிவிட்டது என்று எதிரணி தகராறு செய்தது. யார் சொல்வது சரி?

எழுதுவது எழுதுகிறேன், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்நேக்கைவிட, பந்தை நடுத்தண்டிலிருந்து முன்தண்டுக்குக் கொண்டுபோவதே பெரிய மலை. நிறுத்திய பந்தை அதே பொம்மையால் அப்படியே முன்னால் தள்ளக் கூடாது. முன்தண்டுக்கு அனுப்பும் முன் குறைந்தது இரண்டு பொம்மைகளைத் தொட்டாக வேண்டும். எதிரே அவர்களுடைய ஐந்து பொம்மைகள் மரம்போல் நிற்கும். இதில் தேறாமல் ஸ்நேக் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முழுவதும் அவர்கள் முன்தண்டுக்குப் பந்தே வராது. சும்மா நின்று கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கரும்புத்தோட்டம்

நடுத்தண்டு தம்பி, உங்கள் நண்பர் அடித்தது கோல்தான். முன் சுற்றையும் பின் சுற்றையும் கூட்டக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. தனித்தனியாக 360 பாகையைத் தாண்டாமல் இருந்தால் போதும். யாரும் கை வைக்காத தண்டைப் பந்து வந்து மோதிச் சுற்றவைத்தால் அதுவும் குற்றம் இல்லை. எங்கள் ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "கூட்டக் கூடாது என்று எழுதியவன் ஸ்நேக் அடிக்கிறவனாகத்தான் இருப்பான்" என்றார்.

அவரிடம் பேபிஃபுட்டின் (மேசைக் கால்பந்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர்) பூர்வீகத்தைப் பற்றியும் பேசிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஹரோல்ட் தார்ண்டன் 1923-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார், ஸ்பெயினில் அலெஹாந்த்ரோ ஃபினிஸ்தெர்ரே 1937-இல் பதிவு செய்தார் என்று ஒருமுறை சொல்லப்போய், அன்று மாலை எனக்கு மேசையில் இடமே கிடைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பிரான்சில் பிறந்தது. பேச்சு முடிந்தது.

பின்வரிசை சகோதரி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று செய்துபார்த்தேன். வீட்டில் பழகும்போது பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எதிர்க் கோலின் முன்னால் நிற்கும் பொம்மைகளையே பார்த்துக்கொண்டு அடித்தேன். தொடக்கத்தில் பந்து எங்கெங்கோ போனது. ஆனால் பாதத்தின் அடியில் பந்து இருக்கும் இடத்தைக் கை தானே உணரத் தொடங்கியதும் அழுத்தம் சீராகிவிட்டது. கண்ணால் கண்காணித்துக்கொண்டிருந்தவரை கை இறுகியே இருந்திருக்கிறது போலும். அமெரிக்க ஆட்டக்காரர் டோனி ஸ்ப்ரெட்மனின் ஆட்டங்களைப் பார்க்கக் கிடைத்தால், பந்தைவிட அவர் கண்ணையும் தோளையும் கவனியுங்கள். அடிக்கும் கணம் வரை தோளில் ஒரு சலனமும் இராது.

ரோஸ்ஹில்வாசி

நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை மறுபடி முயலவைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடலோரப் புழுக்கத்தில் கை வியர்த்து, கைப்பிடி உருளுவதற்குப் பதிலாக வழுக்குகிறது. மணிக்கட்டிலிருந்து கிளம்பினால் விரலுக்கு வரும் முன்பே கை தனியாக, தண்டு தனியாகப் போய்விடுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பின்வரிசை

டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் பட்டை. கையுறை வேண்டாம், அது உருளுவதையும் சேர்த்தே தடுக்கும் என்று என்னோடு ஆடும் முன்வரிசைக்காரர் சொல்கிறார். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கையை மட்டும் துடைத்தால் போதாது, மணிக்கட்டையும் முன்கையையும் துடையுங்கள். ஸ்நேக்கில் கைப்பிடி முதலில் படுவது அங்கேதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு முறை 30 விநாடி இடைவேளை கேட்கலாம், அதைத் துடைப்பதற்குத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு மேசைக்கு வரும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எங்கள் அணியிலேயே ஒருவர் இருக்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

நடுத்தண்டு

அந்த ஒருவர் எங்கள் அணியிலும் இருக்கிறார், அக்கா.