ரீகால் மெசேஜ் வந்திருக்கிறது, வண்டியை விடலாமா வேண்டாமா? (அவசரம்)

தோரப்பாடி77 · செவ்வாய், இரவு 10:42

வணக்கம். கம்பெனியிலிருந்து ரீகால் என்று மெசேஜ் வந்திருக்கிறது. இலவசமாகப் பாகம் மாற்றித் தருகிறார்களாம். வண்டி அருமையாக ஓடுகிறது, ஒரு குறையும் கிடையாது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கக் கொடுக்கணும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கும், "ஒண்ணும் ஆவாது சார், உள்ள வுட்டா வேற எதையாச்சும் கழட்டி பில்லு போட்டுடுவானுங்க" என்கிறார். சனிக்கிழமை குடும்பத்தோடு திருப்பதி போகிறோம். அதற்குள் முடிவு தெரியணும். விடலாமா, வேண்டாமா?

கியர்மாமா · இரவு 10:51

என்ன வண்டி? எந்த வருஷம்? எதற்கு ரீகால்? இது மூன்றும் இல்லாமல் என்ன சொல்வது?

குடியாத்தம் எக்ஸ்பிரஸ் · இரவு 10:58

கேட்கவே வேண்டாம், ஃப்யூயல் பம்ப்தான். உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். அது மாட்டிக்கொண்டால் ஓடுகிற வண்டி அப்படியே நின்றுவிடும். இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள், சொல்லவா வேண்டும். பள்ளிகொண்டா டோல் பக்கம் நின்றுபோன வண்டிகள் எத்தனை பார்த்திருக்கிறேன்!

ஆம்பூர்க்காரன் · இரவு 11:04

அவர் பெட்ரோல் வண்டி என்று சொல்லவே இல்லையே அண்ணா.

ஸ்டீரிங் சாமி (மூத்த உறுப்பினர்) · இரவு 11:30

தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ரீகால் பற்றி நானே விரிவாக எழுதியிருக்கிறேன். ஒரே வரியில் சொல்கிறேன்: கம்பெனி தன் பணத்தைச் செலவழித்து உங்களைக் கூப்பிடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 110ஏ பிரிவு சேர்த்தார்கள். குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

தோரப்பாடி77 · புதன், காலை 7:15

2012 பெட்ரோல் செடான். ஜப்பான் கம்பெனி. பெயர் போடவில்லை, அந்த ஷோரூமில் என் மச்சான் வேலை செய்கிறான், இங்கேயும் வந்து படிப்பான். மெசேஜில் 'எஸ்ஆர்எஸ் இன்ஃப்ளேட்டர்' என்று ஏதோ போட்டிருக்கிறது. கீழே ஒரு லிங்க். ஏசி சூப்பராக வேலை செய்கிறது, டயர் புதுசு.

கியர்மாமா · காலை 7:22

மச்சானையே கேட்கலாமே?

தோரப்பாடி77 · காலை 7:24

பேச்சுவார்த்தை இல்லை.

சர்வீஸ் பே 4 · காலை 8:40

சார், சென்னையில் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன், இப்போது ராணிப்பேட்டையில் சொந்தத் தொழில். இன்ஃப்ளேட்டர் என்றால் ஏர்பேக் சமாசாரம். 2012, ஜப்பான் கம்பெனி என்றால் அநேகமாக டகாட்டா விவகாரம். டகாட்டா என்பது கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்த ஜப்பான் கம்பெனி. ஹோண்டா, டொயோட்டா, நிசான் எல்லாருமே அந்த டகாட்டாவிடம் வாங்கிப் போட்டவர்கள்தான்.

ஏர்பேக் பைக்குப் பின்னால் ஒரு உலோகக் குப்பி இருக்கும், அதுதான் இன்ஃப்ளேட்டர். அதில் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிமருந்து. மோதியதும் அது எரிந்து வாயுவாகி, கண் இமைப்பதற்குள் பை விரியணும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் செய்த குப்பிகளில் வருஷக்கணக்காக ஈரமும் சூடும் ஏறி ஏறி மருந்து பொடிந்துபோகிறது. பொடிந்த மருந்து நிதானமாக எரியாது, ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். குப்பியே சிதறி, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். பிழைத்துக்கொள்ள வேண்டிய சின்ன மோதல்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல். மலேசியாவிலும் 2014லிருந்து பலர். உலகம் முழுக்க ஏறக்குறைய 10 கோடி குப்பிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கம்பெனி 2017 ஜூனில் திவாலாகிவிட்டது.

வண்டி நன்றாக ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. டேஷ்போர்டில் விளக்கு எரியாது, ஸ்கேனர் போட்டாலும் மருந்து எப்படி இருக்கிறது என்று தெரியாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ரீகால் டிரைவர் பக்கமா, பக்கத்து சீட்டா? நீங்கள் முதல் ஓனரா? வண்டி ஆரம்பத்திலிருந்து வேலூரில்தான் ஓடியதா? அப்புறம், அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். ஆர்சியில் 17 எழுத்து சேஸிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் சொந்தத் தளத்துக்கு நீங்களே போய் அதைப் போட்டுப் பாருங்கள். ரீகாலுக்குப் பணம் கட்டச் சொன்னால் அது திருட்டு மெசேஜ்.

வி8_வாலாஜா · காலை 9:02

இவ்வளவு எதற்கு? ஏர்பேக் ஃப்யூஸைப் பிடுங்கிப் போடுங்கள், முடிந்தது கதை. எங்கப்பா அம்பாசிடரில் என்ன பை இருந்தது?

சர்வீஸ் பே 4 · காலை 9:10

தம்பி, அப்புறம் நிஜமாகவே மோதினால் அவருக்கு ஏர்பேக்கே இருக்காது. பிடுங்குகிறேன் என்று மஞ்சள் கனெக்டரில் யாராவது கை வைத்தால் அது தனி ஆபத்து. இலவசமாகப் புதுசு தருகிறேன் என்கிறவனிடம் போகாமல் ஃப்யூஸைப் பிடுங்குவானேன்?

குடியாத்தம் எக்ஸ்பிரஸ் · காலை 9:31

ஏர்பேக் இருக்கட்டும், பம்பையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஆம்பூர்க்காரன் · காலை 10:05

நல்லவேளை நாம் இந்தப் பக்கம் இருக்கிறோம். ஈரம்தான் பிரச்சனை என்றால் சென்னைக்காரன்தான் பயப்படணும். வேலூரில் ஏது ஈரம்? பாலாற்றிலேயே தண்ணீர் இல்லை.

அடையாறு டு ஆற்காடு · காலை 10:20

சென்னையை இழுக்காமல் உங்களுக்குப் பொழுது விடியாதா? எங்களுக்காவது சாயந்திரம் கடல் காற்று வரும். உங்கள் ஊரில் கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது.

ஆம்பூர்க்காரன் · காலை 10:26

அது வறண்ட சூடு சார். வியர்வை காய்ந்துவிடும். உங்கள் ஊரில் துவைத்த சட்டையே காயாது.

ஸ்டீரிங் சாமி · காலை 11:00

இருவருக்கும் பாதிதான் தெரிகிறது. அமெரிக்காவில் ஈரமும் வெப்பமும் மிகுந்த மாநிலங்களைத்தான் முதல் வரிசையில் வைத்தார்கள், அது சரி. ஆனால் பகலில் சூடேறி இரவில் இறங்கும் ஏற்ற இறக்கமும் மருந்தைப் பொடிக்கும். மே மாதம் மூடிய காருக்குள் டேஷ்போர்டு எவ்வளவு கொதிக்கும் என்று வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஆம்பூரைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறதா என்ன?

வி8_வாலாஜா · காலை 11:08

வேப்பமரத்தடியில் நிறுத்தினால் எல்லாம் சரி.

அடையாறு டு ஆற்காடு · காலை 11:15

பெயின்ட் போகும். பரவாயில்லையா?

கியர்மாமா · மதியம் 1:40

வெயில் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கப்பா. கேட்டவர் எங்கே போனார்?

தோரப்பாடி77 · மாலை 6:55

நம்பர் போட்டுப் பார்த்தேன், மெசேஜ் உண்மைதான். டிரைவர் பக்கம். நான் இரண்டாவது ஓனர், டிஎன் 07 வண்டி, திருவான்மியூரில் ஓடியது. முன்பே ஒரு தடவை ஏர்பேக் மாற்றியாச்சு என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதனால்தான் இப்போது தேவையா என்று யோசிக்கிறேன். போன் பண்ணினேன். பாகம் வர அடுத்த வாரம் ஆகுமாம்.

சர்வீஸ் பே 4 · இரவு 7:30

சார், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்! திருவான்மியூர் என்றால் கடற்கரையிலேயே கிடந்த வண்டி.

முன்பு மாற்றியதை நம்பி இருக்காதீர்கள். டிரைவர் பக்கமும் பயணி பக்கமும் தனித்தனி ரீகாலாக வந்தவை. ஒன்று முடிந்திருக்கும், மற்றது பாக்கி இருக்கும். இன்னொன்று, ஆரம்ப காலத்தில் சில வண்டிகளுக்கு மாற்றிப் போட்டதும் அதே வகைக் குப்பிதான். அவற்றை மறுபடி மாற்ற வேண்டி வந்தது. உங்கள் சேஸிஸ் நம்பருக்கு இன்னும் பாக்கி காட்டுகிறது என்றால் பாக்கிதான்.

மெக்கானிக் சொன்ன பில் பயம் நியாயமானது, மறுக்க மாட்டேன். உள்ளே போனதும் வைப்பர், பிரேக் பேட், கூலன்ட் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். ஜாப் கார்டில் 'ரீகால் வேலை மட்டும்' என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேறு எது செய்வதானாலும் போனில் கேட்டுவிட்டுத்தான் என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். டிரைவர் பக்கம் என்பதால் டேஷ்போர்டைப் பிரிக்கிற வேலை இல்லை. ஸ்டீரிங் நடுவில் இருப்பதைக் கழற்றி மாட்டுவார்கள், பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். முடிந்ததும் ரீகால் முடிந்ததாக எழுத்தில் வாங்குங்கள். வண்டி விற்கும்போது உதவும்.

ஆம்பூர்க்காரன் · இரவு 7:48

13 வருஷ வண்டிக்கு இலவசமா? அந்த 110ஏ எல்லாம் 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தானே?

சர்வீஸ் பே 4 · இரவு 7:55

அரசு கட்டாயப்படுத்தும் ரீகாலுக்குத்தான் அந்தக் கணக்கு. இது கம்பெனி தானாகவே அழைப்பது. வாரன்டி முடிந்துவிட்டது என்பதோ வண்டியின் வயசோ இதில் குறுக்கே வராது.

ஸ்டீரிங் சாமி · இரவு 8:20

நான் சொன்னதும் அதுதான்.

கியர்மாமா · இரவு 8:22

நீங்கள் சொன்னது 'படித்துவிட்டு வாருங்கள்' என்பது.

தோரப்பாடி77 · இரவு 9:10

சரி. சனிக்கிழமை திருப்பதிக்கு மட்டும் இதிலேயே போய்வந்துவிட்டு, அடுத்த வாரம் விடட்டுமா? மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

சர்வீஸ் பே 4 · இரவு 9:25

நீங்கள் மெதுவாகப் போனால் போதுமா? சித்தூர் ரோட்டில் எதிரே வருகிறவனும் மெதுவாக வரணுமே. பக்கத்து சீட்டு என்றால் அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்பேன். டிரைவர் சீட்டைக் காலியாக வைத்து ஓட்ட முடியாது. காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இல்லை என்றால் ஒரு நாள் வாடகை வண்டி. பாகம் வரும்வரை உள்ளூரிலும் இதை எடுக்காமல் இருப்பது நல்லது.

குடியாத்தம் எக்ஸ்பிரஸ் · இரவு 9:40

வாடகை வண்டி எடுத்தால் டீசலாகப் பார்த்து எடுங்கள்.

கியர்மாமா · மறு வாரம் வெள்ளி, காலை 8:05

தோரப்பாடி சார், என்ன ஆச்சு?

தோரப்பாடி77 · ஞாயிறு, இரவு 9:33

மாற்றியாச்சு. பைசா வாங்கவில்லை. பிரேக் பேட் மாற்றணும் என்று சொன்னார்கள், வேண்டாம் என்றேன். திருப்பதிக்கு ரயிலில் போனோம், நல்ல தரிசனம். எல்லாருக்கும் நன்றி.

வி8_வாலாஜா · இரவு 9:50

கழற்றிய பழைய குப்பியைக் கேட்டு வாங்கினீர்களா? பழைய பாகம் நம் சொத்து.

சர்வீஸ் பே 4 · இரவு 10:02

அது வெடிமருந்து தம்பி, கையில் கொடுக்க மாட்டார்கள். கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும்.

அடையாறு டு ஆற்காடு · இரவு 10:15

என்னுடையது 2014 வண்டி, எனக்கும் இந்த ரீகால் உண்டா?

கியர்மாமா · இரவு 10:16

என்ன வண்டி?