நகரி மலையைச் சுற்றுவதா, பலமநேர் மேட்டில் ஏறுவதா? ஆந்திர எல்லையில் சைக்கிள் தடம் குறித்து ஒரு விவாதம்

மூக்குமலை:

சென்னையிலிருந்து இரண்டு நாள் அவகாசத்தோடு வருகிறவர்கள் எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தடம் இது. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, அங்கிருந்து நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர். இரவு புத்தூரில் தங்கல். மறுநாள் கார்வேட்டிநகரம், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வழியாகத் திருத்தணியில் முடித்துக்கொள்ளலாம். பெரிய ஏற்றம் எங்கும் இல்லை.

நகரி மலைகளைப் பார்க்க அடிவாரம்தான் சரியான இடம் என்பது என் கட்சி. மேலே ஏறினால் புதர்க்காடு. மலையின் அழகெல்லாம் அதன் விளிம்பில் இருக்கிறது. கீழே சரிவு, அதன்மேல் செங்குத்தாக நிற்கும் கல் மதில், உச்சியில் தட்டை. நகரி மூக்கு என்ற சிகரம் சுமார் 855 மீட்டர் உயரம். கடலில் வந்த மாலுமிகளுக்கே ஒரு காலத்தில் அதுதான் கரை அடையாளம். சாலை வளைய வளைய அந்த மூக்கு நீள்கிறது, சப்பையாகிறது, ஓரிடத்தில் காணாமலே போய்விடுகிறது. காரில் கடப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

மொழிக்கும் திண்டாட வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்கு வந்தது. கோடு இடம் மாறியது, பேச்சு மாறவில்லை. டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

ஏற்றப்பிரியன்:

மலையைச் சுற்றி வருவதற்குப் பெயர் கிரிவலம். அதற்குச் சைக்கிள் எதற்கு அண்ணா, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தே போகலாமே.

கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மலைநாட்டுப் பயணம் என்று சொல்லிவிட்டு, கியரை ஒருமுறைகூட இறக்க வேண்டாத தடத்தைக் கொடுப்பது நியாயமா? குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாகப் பலமநேருக்கு ஏறிப் பாருங்கள். சுமார் 300 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 680 மீட்டரில் போய் நிற்கிறீர்கள். மேலே போனதும் காற்றே வேறு. அங்கிருந்து வி.கோட்டை, குப்பம் வரை மேட்டு நிலம். ஏரி, ராகிக் கொல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறைகள். திரும்பும்போது வி.கோட்டையிலிருந்து பத்தலப்பல்லி வளைவுகளில் பேரணாம்பட்டுக்கு இறங்கினால், பெடலை மிதிக்காமலே ஊர் வந்து சேரலாம். உழைத்து வாங்கிய உயரத்தை அப்படிச் செலவழிப்பதில்தான் சுகம். அடிவாரத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கு அது கிடைக்காது.

கம்பம்மெட்டு:

இரண்டு பேரும் ஏன் வெயிலில் வாடுகிறீர்கள்? இடுக்கிக்கு வாருங்கள். கம்பம்மெட்டு ஏறினால் சதுரங்கப்பாறை, பூப்பாறை, போடிமெட்டு. ஏலக்காய் மணத்திலேயே வண்டி ஓடும்.

ஏற்றப்பிரியன்:

ஏறியிருக்கிறேன் தம்பி. ஏற்றம் அருமை, மறுக்கவில்லை. காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வளைவுக்கு வளைவு உரசிக்கொண்டு போகும். அமைதியான தடம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

கல்லாசிரியர்:

ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியன் நான். இருவரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள், காலடியில் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

குப்பம், பலமநேர் மேடு முழுக்க 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய கிரானைட்டும், நைஸ் என்னும் வரிவரியான உருமாறிய பாறையும். ஏற்றப்பிரியன் சொல்லும் உருண்டைகளை யாரும் உருட்டிக்கொண்டு வரவில்லை. கிரானைட்டில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுகிறது, விரிசல் வழியே நீர் இறங்கி மூலைகளை மழுக்குகிறது, மக்கிய மண்ணை மழை கழுவிவிடுகிறது. எஞ்சிய கருக்கள் அங்கேயே நிற்கின்றன. நடுநடுவே கரிய வரப்பு மாதிரி நீண்டு கிடப்பவை டோலரைட், பூமிக்கடியிலிருந்து விரிசலில் ஏறி இறுகிய குழம்புக் கல். கல்லறைக்கும் சமையல் மேடைக்கும் மெருகேற்றி விற்கிறார்களே கறுப்பு கிரானைட், அது பெரும்பாலும் இதுதான். குப்பத்துக்கு அருகே கோலார் தங்கப் பட்டையின் தென்முனையும் இருக்கிறது. பிசாநத்தம், சிகரகுண்டா பக்கம் தங்கம் தோண்டினார்கள். கோலார் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபோது இதற்கும் பூட்டு விழுந்தது.

நகரி மலை வேறு கதை. அதன் அடிச்சரிவு அதே பழைய கிரானைட். மேலே நிற்கும் மதில் குவார்ட்சைட், சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலோரத்தில் படிந்த மணல் இறுகிய கல். இரண்டுக்கும் நடுவே 80 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. அந்தக் காலத்துப் படிவு ஒன்றுகூட இங்கே மிஞ்சவில்லை. இந்தச் சேர்க்கை திருமலைப் பாதையில் சாலை வெட்டிய சுவரில் துலக்கமாகத் தெரிகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் அங்கே பஸ் நெரிசலில் நின்று பார்க்க முடியாது. மூக்குமலையின் தடத்திலோ அதே கோடு மைல் கணக்கில் கூடவே வருகிறது. சரிவு முடிந்து மதில் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மிதிக்கலாம்.

நாராயணவனம் பக்கம் ஒரு தரைப்பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வெளிர் ரோஜா நிறப் பலகைக்கல் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அதன் முகத்தில் விரல் அகலத்துக்கு மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையான வரிகள். அலை ஒதுங்கிய மணலில் விழும் அதே வரிகள். மீனும் இல்லை, புல்லும் இல்லை, நுண்ணுயிர் மட்டும் இருந்த ஒரு கடலின் அலை அது. அதன்மேல் இப்போது யாரோ சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.

கைலாசகோனை அருவியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மதிலின் வெடிப்புகளில் இறங்கும் மழைநீருக்கு அடியில் இருக்கும் கிரானைட் வழிவிடாது. அதனால் நீர் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் இந்த மலைகளில் கோனைக்குக் கோனை, அதாவது மலையிடுக்குக்கு மலையிடுக்கு, நீர் சொட்டுவது அதனால்தான்.

ஏற்றப்பிரியன்:

ஐயா, பாடம் அருமை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் தடத்தில் கிடைப்பது இன்னும் பழைய கல். பழமைக்குத்தானே மதிப்பு?

கல்லாசிரியர்:

பழமைக்குப் போட்டி வைத்தால் தென்னிந்தியாவில் பாதி ஊருக்குப் பரிசு தர வேண்டும். இரண்டு காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதை வெறும் கண்ணால் பார்ப்பது எல்லா இடத்திலும் கிடைக்காது. நேரம் இருந்தால் சத்தியவேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கூழாங்கற்கள் பொதிந்த படிவுப் பாறைகள். அதே வகைப் படிவு தமிழ்நாட்டுப் பக்கம் அல்லிக்குழி மலையில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் குவார்ட்சைட் கற்களைத்தான் பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் ஆதிமனிதர்கள் கோடரியாகச் செதுக்கினார்கள். அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தது.

புத்தூர்க்காரி:

கல்லைப் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. 'அமைதியான' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் இந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவள்.

சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலைக்கு மண்ணும் ஜல்லியும் சுமந்து டிப்பர் லாரிகள் ஓடிய நாட்களில் பள்ளிப்பட்டுப் பக்கம் சைக்கிளில் போனவர் முகத்தை வீட்டில் அடையாளம் காண முடியாது. ஜூன், ஜூலையில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளுக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். சாலையில் பாதி அவர்களுக்கு. ஏப்ரல், மே பற்றிப் பேசவே வேண்டாம், வெயில் 40ஐத் தாண்டும். நவம்பரில் ஆரணியாறு பெருக்கெடுத்தால் தரைப்பாலங்கள் முழுகும். மீதி இருப்பது பொங்கலிலிருந்து மாசி வரை. அதையும் காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மூக்குமலை அண்ணன் இதையெல்லாம் சொல்லாமல் மூக்கை மட்டும் வர்ணிக்கிறார்.

குறுக்குவழி என்று காப்புக்காட்டு மண்பாதையில் இறங்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது செம்மரக் காடுகளை ஒட்டிய நாடு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக்காரர் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி. முதுகில் பையோடு, தமிழ் பேசிக்கொண்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுக்குள் நிற்கும் ஆளை வனக்காவலர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

மூக்குமலை:

அம்மா சொன்ன பருவக் கணக்கு சரி, என் முதல் வரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். லாரி விஷயத்தில் உடன்பட முடியாது. லாரிகளின் வழி பள்ளிப்பட்டு நெடுஞ்சாலை. நாராயணவனத்திலிருந்து புத்தூர் வரை ஊர்களை ஊடுருவிப் போகும் உள்சாலையில் தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

ஏற்றப்பிரியனிடம் ஒரு கேள்வி. சைனகுண்டா வழியைப் புகழ்ந்தீர்களே, யானையைப் பற்றி ஏன் மூச்சுவிடவில்லை? கௌண்டின்யா சரணாலயம் அங்கேதானே இருக்கிறது? 1980களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூட்டம் அங்கேயே தங்கிப் பெருகிவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கிறவன் எதிரே அது வந்தால் கியரை இறக்குவானா, ஏற்றுவானா?

ஏற்றப்பிரியன்:

விடிந்து வெயில் ஏறியபின் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்கு முன் காட்டைக் கடந்துவிட வேண்டும். சோதனைச் சாவடியில் நிறுத்தி விசாரித்தால் அவர்களே நிலவரம் சொல்வார்கள். யானை சாலைக்கு வந்த நாளில் திரும்பிவிட வேண்டியதுதான், குடியாத்தத்தில் பரோட்டா கிடைக்கும். ஆபத்தே இல்லாத இடம் வேண்டுமென்றால் மாடியில் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கலாம்.

உங்கள் தடத்தில் நாய்கள் இல்லையா என்ன? பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் என்னைத் துரத்தியபோது நான் போன வேகம் எந்த இறக்கத்திலும் போனதில்லை.

புத்தூர்க்காரி:

விழுந்து எலும்பு முறிந்தாலும் கவலை வேண்டாம், புத்தூர் கட்டுக்கு எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும். ஏற்றப்பிரியன் தடத்தில் அந்த வசதியும் இல்லை.

கல்லாசிரியர்:

என் வாக்கு நகரிக்கு. ஆனால் கைலாசகோனைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் சாத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள், அதை நிறுத்துங்கள். குளிக்க வரும் குடும்பங்களுக்கு இடைஞ்சல்.

புதுச்சக்கரம்:

எல்லாவற்றையும் படித்தேன், பிப்ரவரியில் நகரிப் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன். 28 மில்லிமீட்டர் டயர் போதுமா?

மூக்குமலை:

32 போடுங்கள் தம்பி. ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். கூடுதல் டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப் மூன்றும் கட்டாயம். நாகலாபுரத்தை விட்டால் புத்தூர் வரை நல்ல சைக்கிள் கடை கிடையாது.

ஏற்றப்பிரியன்:

28 தாராளமாகப் போதும். கிரிவலத்துக்கு எதற்கு 32?