டீசரில் டிராகனுக்கு எடையே இல்லையே, ரிலீஸுக்குள் சரியாகுமா?

மழைக்காகம்:

அந்த டிராகன் படத்தின் டீசரை நேற்று ராத்திரியிலிருந்து எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மூலக்கதையைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறவன் நான். டிராகன் மலைமேல் வந்து இறங்கும் இடம் வந்தால் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பேன். அந்தக் காட்சியைத்தான் டீசரின் கடைசியில் வைத்திருக்கிறார்கள். செதில், இறக்கைத் தோல், கண், எதிலும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு அழகு. ஆனால் அது பாறையில் கால் வைக்கும்போது ஒரு புறா வந்து உட்காருகிற மாதிரி இருக்கிறது. அத்தனை பெரிய உடம்பு இறங்குகிறது, கொஞ்சம் தூசி எழவில்லை, ஒரு கல் உருளவில்லை.

இன்னும் இரண்டு இடம் உறுத்தின. கதாநாயகி டிராகனின் கழுத்தைத் தடவும் ஷாட்டில் அவர் கை தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே மிதக்கிறது. அப்புறம் போர்க்களத்தில் பின்னணி முழுக்க சாம்பல் பூசியது போல ஒரே நிறம்.

ரிலீஸுக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது. டீசரில் வருவது முடிக்காத வேலை, படத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். டீசரே இப்படி என்றால் படம் அவ்வளவுதான் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் நம்ப முடியவில்லை. துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மையில் எது சரியாகும், எது ஆகாது?


ரெண்டர்ராத்திரி:

நான் கம்போசிட்டிங்கில், அதாவது தனித்தனியாகச் செய்த படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தப் படத்தில் வேலை செய்யவில்லை, அதனால் தயங்காமல் பேசலாம். நீங்கள் சொன்ன 3 குறையும் வேலையின் 3 வேறு கட்டங்களில் பிறந்தவை, ஒரே பதில் கிடையாது.

சாம்பல் பின்னணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். புகை, தூரத்து மூட்டம், வானத்து ஒளி எல்லாவற்றையும் அடுக்கடுக்காகச் சேர்ப்பதும், டிஐ என்னும் கடைசிக் கட்டத்தில் நிறம் திருத்துவதும் கடைசி வாரங்கள் வரை நடக்கும். அதோடு நாம் பார்ப்பது இணையத்துக்காகச் சுருக்கிய வீடியோ. இருட்டும் புகையும் உள்ள காட்சிகளைத்தான் அந்தச் சுருக்கம் முதலில் கெடுக்கும்.

மிதக்கும் கை, அது படப்பிடிப்பு அன்று என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. கழுத்தின் அளவுக்கு ஒரு பச்சை நுரை உருளையை வைத்து, அதை அவர் நிஜமாகவே அழுத்தித் தடவியிருந்தால் விரல்கள் விரிந்து உள்ளங்கை அமுங்கியிருக்கும். அந்தக் கைக்கு ஏற்ப டிராகனின் தோலைக் குழியவைத்து, அடியில் நிழலும் போட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும். வெறும் காற்றைத் தடவச் சொல்லி எடுத்திருந்தால் கஷ்டம்தான். கையையே சிஜியில் (கணினி உருவத்தில்) மாற்றிச் சமாளித்த ஷாட்டுகள் உண்டு, ஆனால் முகத்தில் அந்தத் தொடுதலின் உணர்வு இருக்காது, அதை நாங்கள் எங்கிருந்து கொண்டுவருவது?

கால் வைக்கும் ஷாட்தான் எனக்கும் பயமாக இருக்கிறது. முதலில் உருவம், பிறகு எலும்பும் தசையும் பொருத்துவது, பிறகு அனிமேஷன். அது ஓகே ஆன பிறகுதான் தூசி, கல், தண்ணீர் போன்றவை எப்படி அசையும் என்று கணினியில் கணக்கிடும் சிமுலேஷன். அப்புறம் லைட்டிங், பிறகு அதையெல்லாம் கணினி படமாக்கித் தரும் ரெண்டர், கடைசியில் என் மாதிரி ஆட்களின் மேசை. ஆகவே தூசி இல்லாததும் கல் உருளாததும் பிரச்சினையே இல்லை, ஷாட் இன்னும் சிமுலேஷனுக்குப் போகவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் புறா மாதிரி என்றீர்களே, அது அசைவு. அசைவை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 5 விநாடி ஷாட்டில் 120 ஃப்ரேம், ஒரே கணினியில் ஓட்டினால் 1200 மணி நேரம். நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் ஓர் இரவில் முடிந்துவிடும்தான், ஆனால் அதே இரவுக்கு மற்ற எல்லா ஷாட்டும் வரிசையில் நிற்கிறதே. 5 மாதத்தில் செய்ய முடியும். இயக்குநர் அதைக் கேட்டு வாங்கினால்தான் நடக்கும்.


பழையரீல்:

என் எதிர்பார்ப்பு சின்னது. படம் முழுக்க டிராகன் பறக்க வேண்டாம், 10 நிமிடம் வரட்டும், ஆனால் அந்த 10 நிமிடமும் மூச்சு நிற்க வேண்டும். 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில் டைனோசர்கள் திரையில் இருப்பதே சுமார் 15 நிமிடம்தான். அதிலும் கணினியில் செய்தது ஏறக்குறைய 6 நிமிடம், மீதியெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த அனிமேட்ரானிக் உருவங்கள், அதாவது இயந்திரத்தால் அசையும் பொம்மைகள். அந்த ராத்திரி மழைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மிருகம் வருவதற்கு முன்னாலேயே காருக்குள் இருக்கும் கோப்பைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அதிர்வு வருகிறது. எடையைத் தண்ணீரில் காட்டி நம்பவைத்துவிட்டு, அப்புறம்தான் உடம்பைக் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் முதல் ஷாட்டிலேயே முழு உடம்பையும் பட்டப்பகலில் காட்டிவிடுகிறார்கள், கேமராவும் அதன் தொடைக்கு இடையில் புகுந்து முதுகைச் சுற்றி வானத்துக்குப் போகிறது. எந்தக் கேமராமேனும் நிற்க முடியாத இடத்தில் கேமரா நின்றால், அது பொய் என்று மனசு உடனே கண்டுபிடித்துவிடும். டிராகனைப் பார்த்து மிரண்ட ஒருவன் கையில் கேமரா இருந்தால் அது எப்படி ஆடும், எப்போது பிந்தும் என்று யோசித்து எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தலையையும் ஒரு காலையுமாவது நிஜ அளவில் செய்து, நடிகர்கள் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சிஜியைக் குறைத்தால் படம் பிழைக்கும்.


நீலத்திரை:

பழையரீல் அண்ணா, கேமரா பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், சிஜியைக் குறைத்தால் படம் பிழைக்கும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. எல்லாம் நிஜமாக எடுத்த படம் என்று பேசப்படும் மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு (2015) படத்தில் சுமார் 2000 விஎஃப்எக்ஸ் (கணினியில் வேலை செய்த) ஷாட்டுகள் இருக்கின்றன. வண்டிகள் நிஜம், மோதல்கள் நிஜம். மணற்புயல் கணினி, கதாநாயகிக்கு ஒரு கை இல்லாததும் கணினியில் அழித்ததுதான். நிஜமும் கணினியும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்ததால் நமக்குத் தையல் தெரியவில்லை.

முழுக்க கணினி உருவத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் 2006இல் வந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் இரண்டாம் பாகத்தின் டேவி ஜோன்ஸ். முகம், தாடியாகத் தொங்கும் கணவாய்க் கைகள், கண் உட்பட எல்லாமே கணினி. இன்றைக்குப் பார்த்தாலும் ஈரம் சொட்டுகிறது. ஏன்? அந்த வேடத்தில் நடித்த பில் நை தனியாக ஒரு காலி அறையில் நடிக்கவில்லை, சாம்பல் நிற உடையும் முகத்தில் புள்ளிகளுமாக மற்ற நடிகர்களோடு அதே தளத்தில் நின்று நடித்தார். எதிரில் இருந்தவர்கள் ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்து பயந்தார்கள். அங்கே இருந்த ஒளியைத்தான் பிறகு அந்த முகத்திலும் விழவைத்தார்கள். அதனால் எவ்வளவு சிஜி என்று எண்ணுவதைவிட, படப்பிடிப்பு நாளில் எவ்வளவு முடிவு எடுத்திருந்தார்கள் என்று கேட்கலாம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஷாட்தான் எப்போதும் அடிவாங்கும்.

மழைக்காகம் ப்ரோ, ரசிகர்கள் சொன்னால் மாறுமா என்பதற்கும் ஒரு விஷயம். வீடியோ கேமில் வரும் முள்ளெலியை வைத்து எடுத்த சானிக் படத்தின் முதல் டிரெய்லர் 2019 ஏப்ரல் கடைசியில் வந்தது. அந்தப் பல்லையும் கண்ணையும் பார்த்து ரசிகர்கள் போட்ட சத்தத்தில் உருவத்தையே மாற்றினார்கள். ஆனால் அதற்காக நவம்பர் 2019 ரிலீஸை பிப்ரவரி 2020க்குத் தள்ள வேண்டியிருந்தது. அதே 2019 டிசம்பரில் கேட்ஸ் படம் தியேட்டருக்கு வந்த பிறகு, எஃபெக்ட்ஸ் திருத்திய பிரதியைத் திரும்ப அனுப்பினார்கள். யாரும் மனசு மாறவில்லை. தேதியைப் பிடித்துக்கொண்டு திருத்தம் மட்டும் கேட்டால் நடக்காது. தள்ளி வந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல நாம் தயாரா?


மழைக்காகம்:

நான் தயார், இன்னும் ஒரு வருடம் ஆனாலும் காத்திருப்பேன். ஆனால் ஒன்று புரியவில்லை. தூசியும் கல்லும் இல்லாததால்தான் லேசாகத் தெரிகிறது என்று நினைத்தேன், ரெண்டர்ராத்திரி அசைவு என்கிறார். அசைவில் எடை எங்கே இருக்கிறது? எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?


சிற்றுருவன்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அனிமேஷன்தான் என் வேலை, அதற்கு முன்னால் கொஞ்ச காலம் மினியேச்சர் (சின்ன அளவு மாதிரி உருவங்கள்) எடுக்கும் குழுவில் இருந்தேன்.

பெரிய உடம்பு மெதுவாக விழுவது போலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.64 விநாடி ஆகும். 20 மீட்டரிலிருந்து விழுந்தால் 2 விநாடி. உயரம் 10 மடங்கு, நேரமோ 3 மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பொருள் தன் உயரத்துக்கு விழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்துத்தான் அது சின்னதா பெரியதா என்று நம் கண் தீர்மானிக்கிறது. அதனால்தான் மினியேச்சர் காலத்தில் 25இல் 1 பங்கு அளவில் ஓர் அணையைக் கட்டி உடைத்தால், விநாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 120 ஃப்ரேமில் படம் பிடிப்போம், 25இன் வர்க்கமூலம் 5, அந்த 5 மடங்கு வேகம். அப்போதுதான் திரையில் அது நிஜ அணை போல நிதானமாகச் சரியும். தண்ணீர்தான் காட்டிக்கொடுத்துவிடும், துளியை மட்டும் சின்னதாக்க முடியாதே.

கணினியில் இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. டிராகனை எந்த வேகத்திலும் அசைக்கலாம், அதுதான் ஆபத்து. ஷாட் விறுவிறுப்பாக இருக்க வேண்டும், எடிட்டில் 3 விநாடிதான் இடம் என்று சொல்லும்போது, 20 மீட்டர் உடம்பு 2 மீட்டர் உடம்பின் வேகத்தில் நகர ஆரம்பித்துவிடும். தோல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் கண் அதைப் பறவை என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, கால் தரையைத் தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கக் கூடாது. முழங்கால் மடங்கணும், அதற்கப்புறம் வயிறு கீழே இறங்கி மேலே வரணும், கழுத்துச் சதை அதற்குப் பின்னால், வால் கடைசியில். டீசர் ஷாட்டில் கால், தலை, வால் மூன்றும் சேர்ந்தே நிற்கின்றன என்று எனக்குப் படுகிறது. நீங்கள் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்து எண்ணிச் சொல்லுங்களேன்.


வெண்முகிலி:

குறுக்கே வருகிறேன். எண்ணுங்கள், குறையும் சொல்லுங்கள், அது ரசிகர்களின் உரிமை. ஆனால் டீசருக்குக் கீழே கிராஃபிக்ஸ் செய்தவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதியிருப்பதைப் படித்து மனசு வலித்தது. நான் 4 வருடம் ரோட்டோ செய்தேன். ஓடும் மனிதனின் முடியை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடிழுத்துப் பிரிக்கும் வேலை. ஒரு படத்தில் 3 வாரம் செய்த சண்டைக்காட்சியை, வில்லனின் உடை நிறம் பிடிக்கவில்லை என்று கடைசி 6 நாளில் மாற்றச் சொன்னார்கள். தேதி நகரவில்லை, நாங்கள் ஆபீஸிலேயே தூங்கினோம். திரையில் பார்த்தபோது ஓரமெல்லாம் மினுங்கியது, அது எனக்குத் தெரியும், இன்றைக்கும் அந்தக் காட்சி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

லைஃப் ஆஃப் பை படத்தின் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது, அதே மாதக் கடைசியில் அந்தப் புலிக்கு ஆஸ்கர் வாங்கியது. உலகமே வியந்த வேலையைச் செய்தவர்களுக்கு அதுதான் நிலைமை. பேசி வைத்த தொகை ஒன்று, மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் ஸ்டூடியோவின் தலையில். அதனால் குறை எழுதும்போது ஷாட்டைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்.


மழைக்காகம்:

வெண்முகிலி அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த வார்த்தையை நான் எழுதவில்லை, ஆனால் எழுதியவருக்கு விருப்பக்குறி போட்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன்.

சிற்றுருவன் அண்ணா, எண்ணிப் பார்த்தேன். டிராகன் பாறைக்கு மேலே ஒரு கணம் அசையாமல் நின்று, இறக்கையை மடக்கி, அப்படியே விழுகிறது. பக்கத்தில் நிற்கும் வீரனை வைத்துப் பார்த்தால் அது விழும் தூரம் 3 ஆள் உயரம் இருக்கும், 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மடக்கியதிலிருந்து கால் படும் வரை 11 ஃப்ரேம். நீங்கள் சொன்ன மாதிரியே, கால் நிற்கும் அதே ஃப்ரேமில் வால் நுனியும் நின்றுவிடுகிறது.


சிற்றுருவன்:

11ஆ? 5 மீட்டர் விழ 1 விநாடி வேண்டும், அதாவது 24 ஃப்ரேம். பாதிக்கும் குறைவாக இருக்கிறது, அப்புறம் புறாவாகத் தெரியாமல் என்ன செய்யும். தூசி எவ்வளவு போட்டாலும் இது மறையாது.

ஆனால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. டீசருக்காக ஷாட்டுகளை வேகமாக ஓட்டி நறுக்குவது சகஜம், படத்தின் எடிட்டில் இதே ஷாட் நீளமாக இருக்கலாம். பின்னால் கொடி ஒன்று ஆடுகிறதே, அதன் வேகத்தைப் பாருங்கள். கொடியும் அவசரமாகத் துடித்தால் முழு ஷாட்டையும் வேகப்படுத்தியிருக்கிறார்கள். கொடி இயல்பாக ஆடி, டிராகன் மட்டும் அவசரப்பட்டால் அது அனிமேஷன்.


மழைக்காகம்:

பார்த்துவிட்டேன், கொடியும் துடிக்கிறது! வீரனின் மேலங்கியும் அப்படித்தான். இதை முன்னால் கவனிக்கவே இல்லை. வால் ஒன்றாக நிற்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. டிரெய்லர் வந்த அன்றைக்கே இந்த ஷாட்டை எண்ணி இங்கே போடுகிறேன், 24க்குப் பக்கத்தில் வந்தால் எல்லோரையும் கூப்பிடுவேன்.